பருவ விற்பனை: பெருங்கடையின் தள்ளுபடியா, அதன் ஏற்பாடா?

பருவ விற்பனை நெருங்கும்போது சிறு கடைக்காரர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரே பெயரில் பல கிளைகள் நடத்தும் சங்கிலிக் கடை அறிவிக்கும் தள்ளுபடியைத் தாமும் அறிவிப்பது ஒன்று. அந்தத் தள்ளுபடிக்குப் பின்னால் பல மாதங்களாக நடக்கும் ஏற்பாட்டைக் கற்றுக்கொண்டு, விலைப் போட்டியிலிருந்து விலகி நிற்பது மற்றொன்று. முதல் வழி பலரையும் இழுக்கிறது. ஆனால் கணக்கு அதற்குச் சாதகமாக இல்லை.

விற்பனை விலையில் 25 சதவீதம் லாபம் நிற்கும் பொருளுக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், பழைய லாபத் தொகையை எட்டவே 3 விற்ற இடத்தில் 5 விற்றாக வேண்டும். தள்ளுபடி 20 சதவீதமானால் ஐந்து மடங்கு விற்றாக வேண்டும். சங்கிலிக் கடைக்கு இந்தச் சுமை முழுதாக விழுவதில்லை. தள்ளுபடியின் ஒரு பகுதியை உற்பத்தியாளரே ஏற்பதுண்டு. ஒரு பொருளில் விட்டதைப் பக்கத்து அலமாரியில் இருக்கும் சொந்த பிராண்டில், அதாவது தன் பெயரிலேயே விற்கும் பொருளில், பிடித்துவிடவும் முடியும். சிறு கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடியோ பெரும்பாலும் அவர் கல்லாவிலிருந்தே போகிறது.

அடிக்கடி கொடுக்கும் தள்ளுபடி வாடிக்கையாளரின் பழக்கத்தையும் மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற சங்கிலிக் கடை நிறுவனம் 2012இல் கூப்பன்களையும் இடைவிடாத தள்ளுபடி விற்பனைகளையும் கைவிட்டு நிலையான விலைக்கு மாறியபோது, அந்த நிதியாண்டில் அதன் விற்பனை ஏறத்தாழ கால்வாசி சரிந்தது. தலைமைச் செயல் அதிகாரி ரான் ஜான்சன் 2013 ஏப்ரலில் பதவி விலக நேர்ந்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வருவது இவ்வளவு கடினமாக இருந்தது.

இரண்டாம் வழியில்தான் கற்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. சங்கிலிக் கடை, சென்ற பருவத்தில் எந்த வாரம் எது விற்றது என்பதைப் பார்த்துவிட்டு, பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே கொள்முதலை முடிவு செய்கிறது. சிறு கடைக்காரரும் பழைய பில்களை வார வாரியாகப் பிரித்து வைத்தால், எந்தச் சரக்கு பருவத்தின் நடுவிலேயே தீர்ந்தது என்பது தெரிந்துவிடும். இதில் அவருக்குப் பெருங்கடையைவிட வசதி ஒன்று உண்டு. விற்றதைத்தான் பில்லிடும் கணினி அறியும். வாடிக்கையாளர் கேட்டு, இல்லாமல் திரும்பிப் போனதை அது அறியாது. கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு பொருளையும், கேட்ட அளவையும் நிறத்தையும் தேதியோடு எழுதி வந்தால், அடுத்த கொள்முதலுக்கு அதைவிட நம்பகமான பட்டியல் கிடைக்காது.

காட்சிப்படுத்துவதில் ஒரு பாடம் போதும்: நுழைந்ததும் கண்ணில் படும் அலமாரியில் பருவச் சரக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

தள்ளுபடியை அப்படியே பின்பற்றத் தகுந்த இடமும் ஒன்று இருக்கிறது. அது பருவத்தின் கடைசி வாரங்கள். மிஞ்சிய சரக்கைச் சங்கிலிக் கடை படிப்படியாக விலை குறைத்துத் தள்ளிவிடுகிறது. சிறு கடைக்காரரோ வாங்கிய விலையை நினைத்துத் தயங்கி அதைப் பரணில் ஏற்றுகிறார். பணம் அங்கேயே முடங்கிவிட, புதிய கொள்முதலுக்குக் கடன் வாங்க வேண்டியதாகிறது. அடுத்த ஆண்டும் அதே மதிப்போடு விற்கும் பொருளாக இருந்தால் வைத்துக்கொள்வதில் தவறில்லை. மோஸ்தர் மாறிப்போகும் பொருளையும் காலாவதியாகும் பொருளையும், கேட்க ஆள் இருக்கும்போதே முதலுக்குக் கீழே போனாலும் விற்றுவிடுவதே நல்லது.