பூஞ்சைக்கு ரத்தப் பரிசோதனை: ஆன்டிபாடியா, ஆன்டிஜெனா?

கீமோ முடிந்து பத்தாம் நாள், வெள்ளணு எண்ணிக்கை 200, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத காய்ச்சல், சிடி ஸ்கேனில் நுரையீரலில் ஒரு முடிச்சு. இப்படி ஒருவரின் ரத்தத்தோடு வரும் படிவத்தில் 'அஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி' என்று எழுதியிருந்தால் நான் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்பே வார்டுக்குப் போன் போட்டுவிடுவேன். லேப் ஆள் டாக்டருக்குப் பாடம் எடுக்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அஸ்பெர்ஜில்லஸ் ஒரு பூஞ்சை. ஐஜிஜி ஒரு ஆன்டிபாடி, அதாவது அந்தப் பூஞ்சையைப் பார்த்து உடம்பு கொடுக்கும் பதில். அந்தப் பதிலைக் கொடுக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியையே கீமோ படுக்க வைத்திருக்கிறது. நல்ல உடம்புக்கே அது தயாராக வாரக்கணக்கில் ஆகும், இவருக்கோ அவ்வளவு நாள் இல்லை. நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. சரி, பாசிட்டிவ் வந்தால்? அஸ்பெர்ஜில்லஸ் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம், அதனால் ஒன்றுமே இல்லாதவர் ரத்தத்திலும் கொஞ்சம் ஆன்டிபாடி இருக்கும்.

இவருக்குக் கேட்க வேண்டியது கேலக்டோமன்னான். பூஞ்சை வளரும்போது அதன் செல் சுவரிலிருந்து உதிரும் சர்க்கரை அது, ஆக இங்கே பூஞ்சையின் துணுக்கையே, அதாவது ஆன்டிஜெனைத் தேடுகிறோம். சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில், இடிடிஏ என்ற ரசாயனக் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைந்துவிடும், அதைச் சுழற்றி மேலே தெளிகிற நீரை மட்டும் ஆன்டிஜெனை அளக்கும் எலைசா தட்டில் விடுகிறோம். எதற்கு இந்தச் சமையல் என்றால், ஆன்டிஜெனைப் பிடித்து வைத்திருக்கும் ஆன்டிபாடிகளை உதறிவிடத்தான். சீரத்தில் 0.5, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 1.0 என்பது வழக்கமான எல்லை, அதைத் தொட்டால் பாசிட்டிவ். இதற்கும் ஓட்டை உண்டு. நோயாளி ஏற்கெனவே போசகோனசோல் மாதிரி பூஞ்சைத் தடுப்பு மருந்தில் இருந்தால் சீரத்தில் அளவு அமுங்கிப்போகும். வெள்ளணு குறையாத ஐசியூ நோயாளிக்கும் ரத்தத்தில் பெரும்பாலும் தவறிவிடும், அவருக்கு நுரையீரல் கழுவிய நீர்தான் கைகொடுக்கும்.

இப்போது ஆளை மாற்றிப் பாருங்கள். பல வருடம் முன்பு டிபி வந்து குணமாகி, நுரையீரலில் குழி தங்கிப்போனவர். மாதக்கணக்கில் இருமல், சளியில் ரத்தம், எடை இறங்குகிறது, சளியில் டிபி கிருமி இல்லை, ஆனாலும் மறுபடி டிபி மாத்திரையே ஓடிக்கொண்டிருக்கும். குழிக்குள் அஸ்பெர்ஜில்லஸ் குடியேறியிருக்கிறதா என்று பார்க்க சீரம் கேலக்டோமன்னான் அனுப்பினால் பெரும்பாலும் ஏமாற்றும். இங்கே ஐஜிஜிதான் ராஜா, ஏனென்றால் எதிர்ப்பு சக்தி விழித்திருக்கிறது, சண்டையும் பல மாதமாக நடக்கிறது. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை ஆய்வில், ஐஜிஜியை அளக்கும் இம்யூனோகேப் முறைக்கு எல்லை சுமார் 27 என்று வந்தது, வேறு இடங்களில் 40 வைத்துப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்கும்போது எந்தக் கிட், எந்த எல்லை என்று கேளுங்கள்.

கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை இரண்டும்கெட்டான். பிளட் கல்ச்சர் ஏறக்குறைய பாதிப் பேரைத் தவறவிடுகிறது. அதன் செல் சுவரிலுள்ள மன்னான் என்ற ஆன்டிஜென், அதற்கு எதிரான ஆன்டிபாடி இரண்டுமே தனித்தனியாக 60 சதவீதத்துக்குக் கிட்டத்தான் பிடிக்கும், சேர்த்துப் பார்த்தால் 80ஐத் தாண்டும், ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுவதால். ஆனால் கேண்டிடா நம் வாயிலும் குடலிலும் சும்மாவே இருக்கிற ஆசாமி, ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ் என்று மருந்து ஆரம்பிக்க எனக்கு மனசு வராது.

பீட்டா டி குளுக்கான் பலவகைப் பூஞ்சைக்கும் பொதுவான ஆன்டிஜென். குதிரைலாட நண்டின் ரத்த அணுச் சாறு வைத்துச் செய்வது, பரவலாகப் பயன்படும் கிட்டில் மில்லிக்கு 80 பிகோகிராமுக்கு மேல் பாசிட்டிவ். டயாலிசிஸ், ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், அறுவை சிகிச்சையில் வைத்த பஞ்சுத்துணி எல்லாமே அதை ஏற்றிவிடும். அதனால் இது நெகட்டிவாக வரும்போதுதான் எனக்குப் பிடிக்கும், மருந்தை நிறுத்தத் தைரியம் கொடுக்கும்.

மூளையுறையைத் தாக்கும் பூஞ்சையான கிரிப்டோகாக்கஸில் போட்டியே இல்லை. ஒரு பட்டையைச் சீரத்தில் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் விடை, இரண்டு கோடு தெரிந்தால் ஆன்டிஜென் இருக்கிறது. எச்ஐவி உள்ளவருக்கு சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்கள் 100க்குக் கீழே போனால் தலைவலி வரும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஆன்டிபாடி கேட்டு எவரும் அனுப்புவதில்லை.

நேர்மாறாக, அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா பக்கம் வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற பூஞ்சை நோய்க்கு ஆன்டிபாடிதான் முதல் டெஸ்ட். அதன் அளவு 1:16க்கு மேல் ஏறினால் நுரையீரலைத் தாண்டிப் பரவியிருக்குமோ என்று தேட ஆரம்பிப்பார்கள். அரிசோனாவின் பீனிக்ஸில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் இருமிக்கொண்டு வந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 2021இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சை. அப்போது "கேலக்டோமன்னான் நெகட்டிவ், அப்போ பூஞ்சை இல்லைதானே?" என்று எத்தனை போன்! அந்தக் கருப்புப் பூஞ்சையான மியூகோர் வகைகள் கேலக்டோமன்னானிலும் சிக்காது, குளுக்கானிலும் சிக்காது, நம்பி அனுப்ப ஆன்டிபாடி டெஸ்ட்டும் இல்லை. மூக்கிலிருந்து எடுத்த திசுவில் ஒரு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் அகலமான ரிப்பன் மாதிரி இழைகள் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் அதற்கு வழி.