நகர்வை அழைப்பவர்: தலைமைப் பயிற்சியாளரா, தாக்குதல் ஒருங்கிணைப்பாளரா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (கையால் எறிந்தாடும் வகையைத்தான் சொல்கிறேன்) ஒரு நகர்வு (பந்தை முன்னேற்றும் ஒரு முயற்சி) முடிந்து அடுத்தது தொடங்க 40 வினாடிகளே உண்டு. அதற்குள் அடுத்த நகர்வு எது என்று ஒருவர் முடிவு செய்து அறிவிக்க வேண்டும்; இதைத்தான் நகர்வை அழைப்பது என்கிறேன். தலைமைப் பயிற்சியாளரோ, அவருக்குக் கீழே தாக்குதல் ஆட்டத்தைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரோ இதைச் செய்யலாம். டெக்சஸ் பல்கலைக்கழக அணியின் ஸ்டீவ் சார்க்கிசியனைப் போலத் தலைமைப் பயிற்சியாளரே நகர்வுகளை அழைத்தால் திட்டமும் முடிவும் ஒரே கையில் இருக்கும். ஆனால் இடைநிறுத்தம், நான்காம் முயற்சி (10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் கடைசியானது), தற்காப்பின் தடுமாற்றம் ஆகிய அனைத்தும் அதே தலையில்தான் விழும். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரையன் டே 2024இல் அப்பொறுப்பை ஒருங்கிணைப்பாளர் சிப் கெல்லியிடம் விட்டார். 2025 ஜனவரியில் நோட்ரே டேம் அணிக்கு எதிரான தேசிய இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில், மூன்றாம் முயற்சியில் 11 கெஜம் தேவைப்பட்டபோது, பந்தோடு ஓடி நேரத்தைக் கரைக்காமல், ஜெரமையா ஸ்மித்துக்கு நீளமாக எறிந்து 56 கெஜம் பெற்றார்கள்; 34–23 என வென்றார்கள். என் சாய்வு இரண்டாவதன் பக்கமே. ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுப்பவரும், துணிவதா பொறுப்பதா என்று எல்லை வகுப்பவரும் அப்போதும் தலைமைப் பயிற்சியாளர்தான்.