பங்காளி என்று நம்பிக் கொடுத்த ₹1,65,000: வெளிநாட்டு ஆசிரியர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை காரைக்குடியில், ஆசிரியர்களை வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பிவைக்கும் ஒரு கன்சல்டன்சியில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, ஒரு ரூபாய்கூடத் திரும்பப் பெறாமல் படியிறங்கி வந்தேன். நான் இழந்தது ₹1,65,000. புகார் கொடுக்கப்போவதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், இன்னும் கை நடுங்குகிறது.

நான் பதினோரு ஆண்டுகள் இங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். ஓமன் நாட்டின் மஸ்கட்டில், சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்கும் ஓர் இந்தியப் பள்ளியில் ஏப்ரலில் சேரும்படி இந்தக் கன்சல்டன்சி வழியாக வேலை வந்தது. பள்ளி உண்மையான பள்ளி, வேலையும் உண்மையான வேலை. அதனால்தான் மற்ற எல்லாவற்றையும் நம்பினேன்.

முதல் நாள் அந்த அலுவலகத்தின் முதலாளி என் சான்றிதழ்களைத் தொடுவதற்கு முன்பே, "தம்பிக்கு எந்த ஊர், எந்தக் கோயில்?" என்று கேட்டார். கண்டனூர், வைரவன் கோயில் என்றேன். எழுந்து வந்து என் தோளில் கைவைத்து, "நாங்களும் வைரவன் கோயில்தான், அப்படியானால் நீ எனக்குப் பங்காளி" என்றார். எங்கள் நகரத்தார் சமூகத்தில் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், அதாவது உடன்பிறந்தவர்கள் மாதிரி. அப்பச்சியின் (அப்பாவின்) உடல்நலத்தை விசாரித்தார், எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூனில் சம்பளத்துக்கு இருந்ததைக் கேட்டுக்கொண்டார், காபி வரவழைத்தார். அதன்பின் ஒரு தாளில் கணக்கெழுதிக் காட்டினார்: அவருடைய கட்டணம் ₹60,000, சான்றிதழ்கள் உண்மையானவை என்று வெளிநாட்டுக்கு உறுதிசொல்லும் அபோஸ்டில் முத்திரை வாங்க ₹25,000, விசாவுக்கும் விமானத்துக்கும் ₹35,000, மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் வீட்டுக்கு முன்பணமும் கட்டில், குளிர்பெட்டி முதலிய சாமான்களும் சேர்த்து ₹45,000. ஆத்தாவின் நகையை வங்கியில் அடகு வைத்து, சேமிப்பையும் எடுத்து, ₹1,20,000 ரொக்கமாகவும் மீதி ₹45,000 அவர் சொன்ன ஊழியரின் கணக்கிலுமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டபோது, "பங்காளிக்குள் ரசீது எதற்கு தம்பி?" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இதுதான் என்னை இன்னமும் அறுக்கிறது. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்த ஓலை எழுதி வைக்கிற ஊர் நம்முடையது. மொய்க்கு நோட்டு உண்டு. எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கப்பலேறும் முன் சம்பளச் சீட்டு என்னும் வேலை ஒப்பந்தம் எழுதாமல் கிளம்பியதில்லை என்று அப்பத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். பங்காளி என்பதற்காக எழுத்தை விட்டுவிடுவது நம் வழக்கமே இல்லை. அந்த உறவுச் சொல்லை வைத்தே நம் வழக்கத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார் அவர்.

மஸ்கட்டில் இறங்கிய இரவு அவர் கொடுத்த முகவரிக்குப் போனேன். அந்த வீட்டில் ஒரு மலையாளிக் குடும்பம் நான்கு ஆண்டுகளாகக் குடியிருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் மறுநாள் விசாரித்தபோது, விசாச் செலவும் விமானச் சீட்டும் பள்ளியே கொடுத்தது என்றும், ஆசிரியரிடம் எதுவும் வாங்கக்கூடாதென்று கன்சல்டன்சிக்கு முன்பே சொல்லியிருந்தோம் என்றும் சொன்னார்கள். அங்கே குடியிருப்பு அட்டை கைக்கு வரும்வரை வங்கிக் கணக்குத் திறக்க முடியவில்லை. கணக்கு இல்லாமல் வாடகைக்குக் காசோலை கொடுக்க முடியாது, காசோலை இல்லாமல் எனக்கு வீடு தர யாரும் முன்வரவில்லை. வீட்டுக்கென்று கொடுத்த பணம் காரைக்குடியில் மாட்டிக்கொண்டிருக்க, உடன் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவரின் கூடத்தில் ஐந்து வாரம் பாய் விரித்துப் படுத்து, காலையில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். அவர் என்னிடம் ஒரு காசு வாங்கவில்லை.

அங்கிருந்து தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு பதில் வந்தது. வீட்டு உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள், கணக்குப் பார்ப்பவர் விடுப்பில் என்றார்கள், சித்திரை கழியட்டும் என்றார்கள். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கோடை விடுமுறைக்கு ஊர் வந்ததும் நேற்று நேரில் போனேன். இந்த முறை கோயிலும் இல்லை, காபியும் இல்லை. "வேலை கிடைத்ததா இல்லையா? நாலு பேருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை" என்றார். ₹1,65,000 என்றேன். "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். ரசீது எதற்கு என்று கேட்ட அதே வாய்.

சட்டத்தைப் பின்னால்தான் படித்தேன். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டணம் ₹30,000, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக ₹35,400க்கு மேல் வாங்கக்கூடாது. "நீங்கள் பட்டதாரி, உங்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை, அதனால் எங்களுக்கும் பதிவு தேவையில்லை" என்று என்னிடம் சொன்னார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி பொய். அபோஸ்டிலுக்கு வெளியுறவு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு ₹50. இடையில் இருப்பவர்களின் கூலியைச் சேர்த்தாலும் என் மூன்று சான்றிதழ்களுக்கு ₹25,000 எப்படி ஆகும்?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பணம் கொடுக்கும் முன் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் கன்சல்டன்சியின் பதிவு எண்ணைப் பாருங்கள். விசாவும் சீட்டும் யார் செலவு என்று பள்ளிக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். பார்க்காத வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். கணக்கில் அனுப்பி ஏமாந்தது தெரிந்தால் அன்றே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள், என்னைப்போல் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

நேற்று நான் படியிறங்கும்போது, தேவகோட்டையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்ன ஓர் ஆசிரியை சான்றிதழ்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் காத்திருந்தார். உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னால் அவரிடம் பேச முடியவில்லை. அம்மா, இதைப் படித்தால், தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.