பைபாஸ் சிகிச்சையின் தரம்: ரசீதை நம்புவதா, பதிவேட்டை நம்புவதா?

ஒரு மருத்துவமனை இதய பைபாஸ் அறுவையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று அளக்க அமெரிக்காவில் மூன்று வழிகள் போட்டியிட்டிருக்கின்றன.

முதலாவது காப்பீட்டு ரசீது, அதாவது பணம் கேட்டு மருத்துவமனை காப்பீட்டுக்கு அனுப்பும் கணக்கு. செலவு குறைவு, மருத்துவர் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. 1986-இல், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் நிர்வாகம் இந்த வழியில்தான் மருத்துவமனைகளின் இறப்புக் கணக்கை வெளியிட்டது. அதில் மிக மோசமாகத் தெரிந்தது, மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லம்! சிறுநீரகம் அறுவைக்கு முன்பே பழுதா, அறுவையால் பழுதா என்பதுகூட அன்றைய ரசீதில் தெரியாது. தரத்தை அளக்க இது போதவே போதாது.

இரண்டாவது, நியூயார்க் மாநிலம் 1989-இல் தொடங்கிய பதிவேடு. இது வேறு ரகம். ஒவ்வொரு நோயாளியின் வயது, இதயத்தின் இறைப்புத் திறன், மற்ற நோய்கள், அவசர நிலை எல்லாம் கட்டாயம் பதிவாக வேண்டும். அவற்றிலிருந்து எதிர்பார்க்கத்தக்க இறப்பைக் கணித்து, உண்மையில் நேர்ந்ததோடு ஒப்பிடுவார்கள். நோயின் தீவிரத்தைக் கணக்கில் கொண்ட இறப்பு விகிதம் 1989-இல் 4.17 சதவீதம், 1992-இல் 2.45. ஆல்பனி நகரின் செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையைப் பாருங்கள். அங்கே இறப்பு அதிகம் என்று பதிவேடு காட்டியதும் கோப்புகளைத் துருவினார்கள். சிக்கல் முழுவதும் அவசர நோயாளிகளிடம்தான் இருந்தது. நிலை தேறுமுன்பே அவர்களை அறுவைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்கள். முதலில் உடல்நிலையைச் சீராக்கிவிட்டுப் பிறகு அறுவை என்று மாற்றினார்கள். 1993-இல் அவசர நோயாளிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. எந்த ரசீதும் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டியிருக்காது.

1991-இல் நியூஸ்டே நாளிதழ் வழக்காடி, மருத்துவர்களின் பெயர்வாரிக் கணக்கையும் வெளிக்கொணர்ந்தது. ஆபத்தான நோயாளிகளை ஏற்கச் சிலர் தயங்குகிறார்கள் என்ற குறை அதன் பின் வலுத்தது. ஆய்வுகள் இதில் ஒத்துப்போகவில்லை. நுரையீரல் நோய் போன்ற காரணிகள் திடீரெனக் கூடுதலாகப் பதிவானதும் உண்டு. அப்படிப் பதிந்தால் எதிர்பார்க்கத்தக்க இறப்பு கூடி, மருத்துவரின் கணக்கு நல்லதாகத் தெரியும். அதனால், பதிவுகள் உண்மையா என்று சரிபார்க்கும் தணிக்கை இல்லாத பதிவேட்டை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது, மார்பு அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் தேசியப் பதிவேடு. இதுவும் 1989-இல் பிறந்தது. இறப்போடு நிற்காமல் பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, ஆழமான புண் தொற்று, மறு அறுவை, மாற்றுப் பாதைக்கு மார்புத் தமனியைப் பயன்படுத்தினார்களா என்பது வரை பார்க்கிறது. பிழைத்தும் முடங்கிப்போகிறவர்கள் இதில்தான் கணக்கில் வருகிறார்கள். ஆனால் 2010-இல் தொடங்கிய பொது வெளியீடு மருத்துவமனையின் விருப்பம். மோசமானவை வாய்மூடி இருந்துவிடலாம்.

நான் கேட்பது, சங்கப் பதிவேட்டின் விரிந்த அளவுகோலுக்கு நியூயார்க்கின் கட்டாயமும் தணிக்கையும் சேர வேண்டும் என்பதே. மருத்துவமனை அளவில் முடிவுகள் வெளிவரட்டும். மருத்துவர்வாரிக் கணக்கு அந்தந்தத் துறைத் தலைவரின் கையில் இருக்கட்டும்.