கிருஷ்ணகிரியில் மெயின்ஃபிரேம் எம்க்யூ பயிற்சி: ஒரு மதிப்பீடு

மெயின்ஃபிரேம் எனப்படும் பெருங்கணினிகளின் இசட்ஓஎஸ் இயங்குதளத்தில், நிரல்களுக்கிடையே செய்திகளை க்யூ எனும் வரிசையில் வைத்துக் கடத்தும் ஐபிஎம் எம்க்யூ மென்பொருளை நிர்வகிப்பதற்காகக் கிருஷ்ணகிரியில் நடக்கும் வார இறுதிப் பயிற்சியை, தருமபுரியிலிருந்து பேருந்தில் சென்றுவந்து அண்மையில் முடித்தேன். அம்மென்பொருள் 1993இல் எம்க்யூசீரிஸ் என்ற பெயரில் வெளிவந்த வரலாற்றைப் பயிற்றுநர் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, நேராகப் பேஜ் செட் (செய்திகளை வட்டில் சேமிக்கும் கோப்பு), பஃபர் பூல் (அவை தற்காலிகமாகத் தங்கும் நினைவகப் பகுதி), லாக் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) ஆகியவற்றுக்கு இடையிலான உறவுக்குள் எங்களை அழைத்துச் சென்றார். செய்தியை எடுக்கும் நிரல் நின்றுபோனால் பஃபர் பூல் மெல்ல நிரம்பும் என்பதையும், காலியிடம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் பேஜ் செட்டில் எழுதும் வேலை பின்னணியில் தொடங்கும் என்பதையும், 5 விழுக்காட்டுக்கும் கீழே போனால் செய்தியைப் போடும் நிரலே அந்த எழுத்து முடியும்வரை காத்திருக்க நேரும் என்பதையும் திரையிலேயே நடத்திக் காட்டினார். இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணம் தகும். பேருந்துப் பயணத்தின் அலுப்பையும் இதில் கழித்துக்கொள்ளலாம்.

பிற கணினிகளுடனான இணைப்புகளை இயக்கும் சேனல் இனிஷியேட்டர், சேர வேண்டிய இடத்தில் சேர்க்க முடியாத செய்திகள் ஒதுங்கும் டெட் லெட்டர் க்யூ ஆகியவை போதிய அளவில் கற்பிக்கப்பட்டன. ஆனால் பல மெயின்ஃபிரேம் அமைப்புகள் தரவைப் பகிர உதவும் கப்ளிங் ஃபெசிலிட்டியும் டிபி2 என்ற தரவுத்தளமும் ஆய்வகத்தில் இல்லாததால், பல க்யூ மேலாளர்கள் (க்யூக்களை நடத்தும் எம்க்யூ நிரல்கள்) ஒரே க்யூவைப் பகிரும் முறை வெறும் படங்களாகவே கடந்துபோனது. பெரிய வங்கிப் பணியை எதிர்பார்த்து வருபவருக்கு இது சிறிய குறையன்று. மெயின்ஃபிரேமில் வேலைகளை இயக்கக் கட்டளையிடும் மொழியான ஜேசிஎல் அறியாதவர்கள் அதை முதலில் கற்றுக்கொண்டு சேர்வதே நல்லது.