ஐந்து தந்தி மாண்டலின்: நான்கு மாத மேடை அனுபவம்

கோலாலம்பூரில் திருமண வரவேற்புகளிலும் கோயில் விழாக்களிலும் வாசித்துவரும் நான், பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஓர் இசைக்கருவிக் கடையில் 1,850 ரிங்கிட் கொடுத்து இந்த மின்சார மாண்டலினை வாங்கினேன். வழக்கமான மாண்டலினில் இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள் இருக்கும். ஜோடித் தந்திகளைச் சேர்த்து இழுத்துக் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) பிடிப்பது கடினம் என்பதால், கர்நாடக இசை மாண்டலின் கலைஞர் உ. ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகளுக்கு மாறி, மந்தர ஸ்தாயிக்காக (கீழ் ஸ்தாயி) ஐந்தாவதையும் சேர்த்துக்கொண்டார். இந்தக் கருவியும் அவ்வழியில் அமைந்ததே.

தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தைத் தந்தியை இழுத்து அசைக்கும்போது நாதம் அறுந்துபோகாமல் நிற்பது எனக்குப் பேரானந்தம். தவிலுக்கு அருகில் அமர்ந்தாலும், தந்தியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் வழியாக ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கடையிலிருந்து வந்தபோது பன்னிரண்டாம் மெட்டுக்கு (ஃப்ரெட்) மேல் தந்திகள் மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நின்றதால், ஒரு மணி நேர வாசிப்பிலேயே இடக்கை விரல் நுனிகள் கன்றிப்போயின. தந்திகளைத் தாங்கும் குதிரையைத் (பிரிட்ஜ்) தாழ்த்தித் தரும்படி கேட்டதற்கு, அது தங்கள் பொறுப்பன்று என்று கடைக்காரர்கள் கூறிவிட்டார்கள். வேறொருவரிடம் 120 ரிங்கிட் கொடுத்துச் சரிசெய்த பிறகே கருவி கைக்கு இணங்கியது.

குளிரூட்டப்பட்ட மண்டபத்திலிருந்து புழுக்கமான கோயில் பந்தலுக்குப் போனால் சுருதி மாறும்; அரைமணி முன்னதாகவே கருவியை உறையிலிருந்து வெளியே எடுத்துவையுங்கள். வியர்வையால் மெல்லிய முதல் தந்தி விரைவில் துருப்பிடிக்கும், ஆகவே மாற்றுத் தந்தி எப்போதும் கையிலிருக்கட்டும்.