15-க்கு 1 கிக்கரும் 4.8 மில்லிமீற்றர் றிவெற்றும்

லேசர் என்ற ஒற்றையாள் பாய்வள்ளத்துக்கு 15-க்கு 1 கிக்கர் கிற் போடலாமோ என்று கேட்டிருந்தீர்கள். கிக்கர் என்பது பூமை, அதாவது பாயின் கீழ் மூலையைப் பிடிக்கும் கிடைத்தண்டை, கீழே இழுத்து வைக்கும் கப்பிக் கயிறு. 15-க்கு 1 என்றால் கை இழுப்பதைப் பதினைந்து மடங்காக்குவது. கேட்ட நேரம்தான் சரியில்லை. பூமைப் பாய்மரத்தோடு இணைக்கும் கூஸ்நெக்கின் றிவெற்றுகளை (தறையாணிகளை) இரண்டாம் முறையாகக் கழற்றி அடித்த கையோடு எழுதுவது இது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். தென்மேற்குக் காற்றான சோளகம் ஏறி அடிக்கும் மாதங்களில் பழைய கிக்கரை இறுக்குவது தனி வித்தை. பாயை இழுக்கும் கயிறான மெயின்ஷீட்டைக் கப்பியும் கப்பியும் முட்டும்வரை இழுத்து, பூம் இறங்கிய அந்த நொடியில் கிக்கரின் தொய்வை எடுக்க வேண்டும். இதற்கே இரண்டு கை போய்விடும். சுக்கானுக்கு மூன்றாவது கையை எங்கே தேடுவது? புதியதில் ஒரு கை போதும். முன்னே குனிந்து ஓர் இழுவை இழுத்தால் பூம் இறங்கும், பாய்மரம் வளையும், பாயின் வயிறு தட்டையாகும். சரிந்து திணறிய வள்ளம் நிமிர்ந்து பாயும். அந்த ஒரு கணத்துக்காகவே காசைக் கொட்டலாம்.

ஆனால் கிக்கர் 10 சென்ரிமீற்றர் குறுக ஒன்றரை மீற்றர் கயிறு கைக்கு வரும். அது காலடியில்தான் சுருண்டு கிடக்கும். காற்றோடு ஓடத் திருப்பும்போது அதை இளக்க மறந்தாலோ, கயிறு காலில் சிக்கினாலோ, பூமின் நுனி தண்ணீரைத் தொடும். தொட்டால் கவிழ்வுதான். இளக்க வேண்டிய அளவில் ஒரு தடைமுடிச்சுப் போட்டு வைத்தால் பார்க்காமலே விடலாம்.

இனி றிவெற். கையால் 15 கிலோ இழுத்தால், கப்பிகளின் உராய்வைக் கழிக்காமல், 225 கிலோ. அந்தப் பாரத்தைத் தாங்குவது கிற் பெட்டியில் வந்த சாமான்கள் மட்டுமல்ல. பூமின் அடியில் கிக்கரைக் கொளுவும் தகடும், பாய்மரத்தில் அதன் மறுமுனையைப் பிடிக்கும் ஸ்ரெயின்லெஸ் நாக்கும், கூஸ்நெக்கும் சேர்ந்து வாங்குகின்றன. இவற்றைப் பிடித்திருப்பவை றிவெற்றுகள். கிக்கர் பூமைக் கீழே மட்டும் இழுப்பதில்லை, சரிவாக முன்னுக்கும் இழுக்கும். அந்த உதை கூஸ்நெக்கில் விழும். கீழேயுள்ள நாக்கைப் பாய்மரத்திலிருந்து பின்னுக்குப் பிடுங்கப் பார்க்கும். முன்பெல்லாம் கைதான் முதலில் களைத்தது. இப்போது கை களைப்பதில்லை, றிவெற் களைக்கிறது.

முல்லைத்தீவிலோ புதுக்குடியிருப்பிலோ கடையில் றிவெற் கேட்டால் பெரும்பாலும் அலுமினியக் குழலும், நடுவே இழுத்து முறிக்கும் இரும்பு ஊசியும் உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள். கூரைப் பீலிக்கு அது நல்ல சாமான். இங்கே போட்டால், ஊசியின் துண்டு உள்ளே தங்கிக் கறள் பிடிக்கும், குழல் ஆடத் தொடங்கும். ஸ்ரெயின்லெஸ் றிவெற் பலமானது. ஆனால் உப்புத்தண்ணீரில் அது அலுமினியத்தைத் தின்னவைக்கும். களப்பின் வாய் அடைபட்டு நீர் வற்றும் காலத்தில் உவர் ஏறினால் அரிப்பும் கூடும். முதல் முறை அடித்தது ஸ்ரெயின்லெஸ், இடையில் பசை இல்லை. இம்முறை கழற்றியபோது றிவெற்றுகள் புத்தம்புதிதாக இருந்தன. அவை இருந்த துளைகள்தான் முட்டை வடிவாகிக் கிடந்தன. தகட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொடி கண்டால், உள்ளே இதுதான் நடக்கிறது.

போட வேண்டியது மொனெல், அதாவது நிக்கலும் செம்பும் கலந்த உலோகம். அதுவும் அலுமினியத்துக்கு அந்நியம்தான். ஆகவே றிவெற்றைச் சுற்றியும் தகட்டின் அடியிலும் டுராலக் போன்ற காப்புப் பசை கட்டாயம். பழையதைக் கழற்ற, நடுவிலுள்ள ஊசித் துண்டை முதலில் தட்டி உள்ளே தள்ளுங்கள். ஊசி இருக்க ட்ரில் பிடித்தால் முனை வழுக்கிப் பாய்மரத்தைக் கீறும். பிறகு தலையை மட்டும் கடையுங்கள். றிவெற் கூடவே சுழன்றால் தலையைக் குறட்டால் பிடிக்க வேண்டும், ட்ரில்லை அழுத்துவதில் பயனில்லை, துளைதான் பெருக்கும். புதிய 4.8 மில்லிமீற்றர் றிவெற்றுக்கு 4.9 மில்லிமீற்றர் துளை. ஒற்றைக் கையால் அழுத்தும் சிறிய றிவெற்றர் மொனெலோடு மல்லுக்கட்டும். பாதியில் நின்றுவிட்ட றிவெற் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இறுகியிராது. நீண்ட பிடியுள்ள இரட்டைக்கை றிவெற்றரை இரவல் வாங்கியாவது கொண்டு வாருங்கள். துளை முட்டையாகிவிட்டால் அதிலேயே பெரிய றிவெற்றைத் திணிப்பதைவிடத் தகட்டைச் சற்று நகர்த்துவது மேல். ஆனால் புதிய துளைகளைப் பழையவற்றோடு ஒரே மட்டத்தில் வளையம்போலப் போட வேண்டாம், பாய்மரம் அந்தக் கோட்டில்தான் முறியும். கைவிட்ட துளைகளை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கவிழும்போது மரம் தண்ணீர் குடிக்கும்.

இரண்டு துண்டாகப் பொருத்தும் பாய்மரத்தின் மேல்துண்டான மேல்மரத்தைப் பற்றிச் சுருக்கமாக. இன்னும் அலுமினியத்தில் ஓடுபவர்கள் கீழ்மரத்தில் உட்காரும் கழுத்து வளையத்தின் றிவெற்றைப் பின்பக்கம் பார்க்க வையுங்கள். மரம் வளையும்போது முன்பக்கம் இழுபடும், வெடிப்பு அங்கேதான் திறக்கும். 2017 முதல் லேசர் வகுப்பின் விதிப்படி போடக்கூடிய, நாரும் பிசினும் சேர்ந்த கொம்பொசிற் மேல்மரம் நிரந்தரமாக வளைந்து போகாது. ஆழமில்லாத களப்பில் தலைகீழாகி மரம் சேற்றில் குத்தும் ஊர்களுக்கு அது வரம், விலைதான் சாபம். எந்த மரமானாலும் பொருத்துக்குள் மணல் போகாமல் நல்ல தண்ணீரால் கழுவியே கொளுவுங்கள்.

றிவெற்றுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பீர்கள். முல்லைத்தீவுக் கரையில் சோளகம் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. கூஸ்நெக் கழன்றால் பாய் போய்விடும், வள்ளம் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டு நகரும்.

ஆகவே இன்றைய பதில்: வாங்க வேண்டாம். பழைய கிக்கரோடு ஓடுங்கள். அந்தக் காசில் மொனெல் றிவெற் 20, ஒரு குழாய் பசை, நல்ல றிவெற்றர் வாங்கி முதலில் மரத்தைத் திருத்துங்கள். பழைய கிக்கர் ஒன்று இங்கே சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாம். புதியதைக் கேட்காதீர்கள், தரமாட்டேன்.